எட்டுக் கிலோ காத்து

பூமிநாதன் வீட்டில் காத்து இருக்கிறது என்று மானகிரி முழுக்கப் பேச்சு பரவியதற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. நிஜமாகவே இருந்தது. எட்டுக் கிலோ இருந்தது.

அரசு பஸ் டிப்போவில் முப்பது வருசம் டயருக்குக் காத்து அடித்து ஓய்வு பெற்றவர் அவர். காத்தின் அழுத்தத்தை அங்கே கிலோவில்தான் சொல்வார்கள். ஓய்வு பெற்றதும் சிலர் கோயில் கோயிலாகப் போவார்கள், சிலர் சீட்டாட உட்காருவார்கள். இவர் வீட்டை ஒட்டியிருந்த கார் ஷெட்டில், காத்தை அழுத்தி அடைத்து வைக்கிற சிவப்பு டேங்கோடு ஒரு கம்ப்ரஸரைக் கொண்டுவந்து இறக்கினார். ஷெட்டில் கார் கிடையாது. மகன் வெளிநாட்டிலிருந்து வந்து கார் வாங்குவான் என்று கட்டியது. மகன் ஒவ்வொரு தடவையும் வாடகைக் காரில் வந்தான், வாடகைக் காரில் போனான். ஷெட்டில் நின்றது ஒரே ஒரு மொபெட். அதன் இரண்டு டயருக்கும் ஒரு சைக்கிள் பம்பு தாராளமாகப் போதும். பூமிநாதனுக்குத்தான் போதவில்லை.

கம்ப்ரஸர் வந்ததும் சுவரைச் சுற்றி இரும்புக் குழாய் ஓடியது. குழாயை லேசான சாய்வாகப் போட்டார், காத்தோடு வருகிற தண்ணீர் கடைசி முனைக்கு ஓடி வடிவதற்காக. கிளைக் குழாய்களை மெயின் குழாயின் முதுகில் எடுத்து வளைத்துக் கீழே இறக்கினார், வயிற்றில் எடுத்தால் தண்ணீரும் சேர்ந்து வந்துவிடுமாம். இதையெல்லாம் மனைவி நாகவல்லிக்குச் சாப்பிடும்போது விளக்கினார். படுக்கும்போது விளக்கினார். ஒருநாள் அவள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, "எனக்குப் பிரஷர் கூடிப்போச்சுன்னு டாக்டர் சொல்றாருங்க" என்றாள். "எத்தனை கிலோ?" என்று கேட்டார் மனிதர். கேட்ட பிறகுதான் அது அந்தப் பிரஷர் இல்லை என்று உறைத்தது.

கல்யாண நாள் வந்தது. ஊரில் எல்லோரும் பெண்டாட்டிக்குச் சேலை எடுத்துக் கொடுப்பார்கள். பூமிநாதன் சுவரைத் துளைத்து அடுப்படிக்கு ஒரு காத்து லைன் இழுத்துக் கொடுத்தார். புது வால்வு, மஞ்சள் கைப்பிடி, சுருள் ஹோஸ், முனையில் காத்தைப் பீய்ச்சுகிற ஒரு துப்பாக்கி.

"மிக்ஸியில தூசியா, சன்னல்ல ஒட்டடையா, எதுன்னாலும் ஒரு அமுக்கு. இங்க பாரு" என்று அமுக்கிக் காட்டினார்.

நாகவல்லி அப்போது முறுக்கு மாவு சலித்துக்கொண்டிருந்தாள். மாவு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. அடங்கியபோது சுவரில் முருகன் வெள்ளை, வள்ளி வெள்ளை, மயில் வெள்ளை, நாகவல்லியும் வெள்ளை. ஹோஸைக் கழற்றிப் பரணில் போட்டாள். மஞ்சள் கைப்பிடியில் வெங்காயப் பையை மாட்டினாள். அவளைப் பொறுத்தவரை அது சுவரில் அடித்த நல்ல கொக்கி.

அதற்குப் பிறகுதான் கசிவு ஆரம்பித்தது. எட்டுக் கிலோ ஏறியதும் மிஷின் 'புஸ்ஸ்' என்று ஒரு மூச்சு விட்டுத் தானாக நிற்கும். எங்கேயோ கசிந்து காத்து இறங்கியதும் தானாக எழுந்து 'டட்டட்டட்ட' என்று ஓடும். நாகவல்லி மத்தியானம் கண்ணசந்தால் எழும். டிவியில் நாடகம் உச்சக்கட்டத்துக்கு வந்தால் எழும். பூமிநாதன் ஒரு குவளையில் சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷுமாக ஷெட்டில் உள்ள ஒவ்வொரு இணைப்பாகத் தடவித் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்தார். வரவில்லை. அடுப்படி வால்வைப் பார்க்கவே இல்லை. அது புதுசு, அது எப்படிக் கசியும்?

ஆவணி கடைசியில் ஒரு காலையில் நாகவல்லி பையோடு வாசலுக்கு வந்துவிட்டாள்.

"முப்பது வருசம் டிப்போவுல காத்தோட குடும்பம் நடத்துனீக. ரிட்டையர் ஆனா எங்கூட இருப்பீகன்னு பார்த்தேன். அதையும் வீட்டுக்குக் கூட்டியாந்துட்டீக. ஒண்ணு அந்தக் காத்து இந்த வீட்டுல இருக்கணும், இல்ல நான் இருக்கணும். அது வெளிய போனப்பறம் சொல்லியனுப்புங்க" என்று தெருவே கேட்கச் சொல்லிவிட்டுச் சிங்கம்புணரிக்குத் தம்பி வீட்டைப் பார்க்கப் பஸ் ஏறினாள்.

அவள் இல்லாத வீடு பூமிநாதனுக்கு வேண்டாம். ஆனால் அந்த மிஷினைத் தூக்கிக் கொடுத்துவிட்டால் அதன் பிறகு தான் யார் என்றும் அவருக்குத் தெரியவில்லை. கசிவைக் கண்டுபிடித்துவிட்டால் போதும், சத்தம் குறையும், அவளும் வந்துவிடுவாள் என்று தனக்குத் தானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு மறுபடி சோப்புத் தண்ணீரைக் கரைத்தார்.

அடுத்த வீட்டு முத்துமாரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். நல்லவள். யார் வீட்டில் துக்கம் என்றாலும் முதல் ஆளாகச் சோற்றுச் சட்டியோடு போய் நிற்பாள். அன்றைக்கும் குழம்பும் சோறுமாக வந்து ஷெட் வாசலிலேயே நின்றுகொண்டாள். காத்து கருப்பு என்றால் அவளுக்கு ஆகாது, உள்ளே கால் வைக்கவில்லை.

"அண்ணே, மதினி சொல்லிட்டுப் போனாகளே, காத்துன்னு... நெசமாவா?"

"ஆமாம்மா. அதுதான் அவளுக்கு ஆகல."

"எப்ப இருந்துண்ணே?"

"ஆடியில வாங்கியாந்தேன்."

"வாங்கியாந்தீகளா?"

"திருச்சியில. ஒருத்தர் வச்சிருந்து கைமாத்திவிட்டது."

முத்துமாரி சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "இப்ப அது... அதுக்குள்ளயா இருக்கு?" என்று சிவப்பு டேங்கைக் கண்ணால் காட்டினாள்.

"பின்ன? எட்டுக் கிலோ. அடைச்சு வைக்காம விட்டா நிக்குமா?" பூமிநாதனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. இந்த விஷயத்தை இவ்வளவு அக்கறையாக அவரிடம் யாரும் விசாரித்ததே இல்லை. "என்ன ஒண்ணு, எங்குட்டோ ஒரு வழி கண்டுபிடிச்சு வெளிய போகுது. மத்தியானத்துலதான் சாஸ்தி. உங்க வீட்டுச் செவத்துப் பக்கமா இருக்குமோன்னு எனக்கு ஒரு சந்தேகம்."

முத்துமாரி சட்டியைத் தரையில் வைத்துவிட்டுப் போனாள். போனாள் என்பதைவிட ஓடினாள் என்று சொல்லலாம்.

பிறகு சிலர் அவளிடம், "கம்ப்ரஸர்னா என்னன்னு தெரியாதா உனக்கு?" என்று கேட்டதுண்டு. "மிசினு எனக்குத் தெரியாதா? பஞ்சர் கடையில பார்த்ததில்லையா? அதுக்குள்ள என்னத்த அடைச்சு வச்சிருக்காகன்னுதான கேட்டேன். அவுகளே சொன்னாக" என்பாள். அதிலும் நியாயம் இருக்கத்தான் செய்தது.

மறுநாள் ஷெட் கதவில் யாரோ வேப்பிலை செருகியிருந்தார்கள். கொசுவுக்காக இருக்கும் என்று பூமிநாதன் நினைத்தார். அதற்கு மறுநாள் ஒரு எலுமிச்சம்பழம் கிடந்தது. அதைப் பிழிந்து சர்க்கரை போட்டுக் குடித்தார். அதைப் பார்த்த முத்துமாரியின் புருஷன் பொன்னழகு வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டார். தெருவில் எதிர்ப்பட்டவர்களெல்லாம் "தைரியமா இருங்கண்ணே" என்றார்கள். பெண்டாட்டி கோபித்துக்கொண்டு போனதற்கு ஊரே இப்படி உருகுகிறதே என்று பூமிநாதனுக்குக் கண் கலங்கியது. மூன்று வேளையும் எந்த வீட்டிலிருந்தாவது சாப்பாடு வந்ததால் அவர் அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்க்கவே இல்லை.

ஒருநாள் நாகவல்லியே போன் செய்தாள். அவளாகச் செய்ததே பெரிய விஷயம்.

"இங்க தம்பி வீட்டுப் பசு நிறைமாசமா நிக்குது. இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கு. எனக்குத்தான் பயமா இருக்கு, மொத ஈத்து" என்றாள்.

"இங்க எட்டுக் கிலோவுல நின்னுச்சு நாகு. ஒரு சாயா குடிச்சிட்டு வந்து பாக்குறேன், அஞ்சரைக்கு எறங்கிருச்சு" என்றார் பூமிநாதன்.

அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது.

செவ்வாய்க்கிழமை காலையில் பொன்னழகு வந்தார். இவரும் வாசலோடு சரி.

"அண்ணே, அமராவதிபுதூர்ல இருந்து ஒருத்தரைச் சொல்லி வச்சிருக்கோம். காத்து சமாச்சாரத்துல பெரிய கை. எங்குட்டு ஒளிஞ்சிருந்தாலும் கண்டுபிடிச்சிருவாரு."

"கண்டுபிடிச்சிருவாரா?" பூமிநாதன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் சோப்புத் தண்ணியெல்லாம் போட்டுப் பார்த்துட்டேன் பொன்னழகு. அகப்படல."

"சோப்புத் தண்ணிக்கெல்லாம் அது அசையாதுண்ணே" என்றார் பொன்னழகு.

அதே நேரத்தில் முத்துமாரி சிங்கம்புணரிக்குப் போன் போட்டு, "மதினி, சாயங்காலம் காத்தை எடுக்கப் போறோம். ஆளு வர்றாரு. அண்ணனும் சரின்னுட்டாக. கெளம்பி வாங்க" என்றாள். கம்ப்ரஸரைக் கழற்றி எடுத்துப்போக ஆள் வருகிறது என்று நாகவல்லி புரிந்துகொண்டாள். மனிதருக்கு ஒருவழியாகப் புத்தி வந்தது என்று பையை எடுத்தாள். ஆக அன்று சாயங்காலம் மூன்று பேர் மூன்று விதமாகச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

வந்தவர் பேயோட்டுகிற கோடாங்கி முத்துக்கண்ணன். நெற்றி நிறைய விபூதி, கையில் உடுக்கை, ஏறி வந்தது ஒரு மொபெட். பின் சக்கரம் தரையோடு தரையாகச் சப்பளிந்திருந்ததைப் பூமிநாதன் தூரத்திலேயே பார்த்துவிட்டார். பின்னால் தெருவே வந்தது.

பூமிநாதனுக்கு உடுக்கையைப் பார்த்ததும் சின்னதாக ஒரு சந்தேகம். இருந்தாலும் வேலைக்காரர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு சாமான் வைத்திருப்பார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்.

உள்ளே மிஷின் டட்டட்டட்ட என்று ஓடிக்கொண்டிருந்தது. கோடாங்கி அதன் முன்னால் போய் நின்று, உடுக்கையை ஓங்கி ஒரு அடி அடித்து, "அடங்கு!" என்று கத்தினார்.

எட்டுக் கிலோ நிறைந்தது. புஸ்ஸ் என்று ஒரு மூச்சு விட்டு மிஷின் நின்றது.

தெரு மொத்தமும் கன்னத்தில் போட்டுக்கொண்டது. கோடாங்கியே அரை அடி பின்னால் வந்தார். முப்பது வருசத் தொழிலில் எதுவும் இவ்வளவு உடனே கட்டுப்பட்டு அவர் பார்த்ததில்லை.

"சாமி, அது கட்-ஆப். தானா நின்னுக்கிரும்" என்றார் பூமிநாதன்.

"நீ சும்மா இரு. யாருடா நீ? எந்த ஊரு? பேசமாட்ட? பேசாம எம்புட்டு நேரம் இருக்கன்னு பாக்குறேன்" என்று கோடாங்கி டேங்கைப் பார்த்து அதட்டிக்கொண்டே உடுக்கையை உருட்டினார். வெகுநேரம் உருட்டினார். டேங்க் பேசவில்லை. அவர் அலுத்துப்போய் உடுக்கையைக் கீழே இறக்கிய நேரம் பார்த்து அது டட்டட்டட்ட என்று எழுந்தது. பொன்னழகு வாசலைத் தாண்டி ரோட்டில் போய் விழுந்தார். பெரியவர் பேசுகிறபோது இப்படிச் சத்தம் போட்டால் மரியாதை இல்லை என்று பூமிநாதனே போய் சுவிட்சை அணைத்தார்.

அதுதான் தப்பாகப் போனது. கோடாங்கி அவரை ஒரு பார்வை பார்த்தார்.

"ஓ. இவன் கைக்குத்தான் அடங்குதா? அப்ப அது அங்க இல்ல. இவன் மேல இருக்கு. உக்காரு!"

நாலு பேர் சேர்ந்து பூமிநாதனை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்தார்கள். தலையில் விபூதி விழுந்தது. காதுக்குப் பக்கத்தில் உடுக்கை முழங்கியது.

"சொல்லு! என்ன பேரு?"

"சாமி, நான் சொல்றதக் கேளுங்க, இந்தப் பிரஷர் சுவிட்சு..."

"பேரைச் சொல்லிருச்சு! பிரஷர் சுவிட்சாம்!"

"கிறிஸ்தவக் காத்து போல" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

"எந்த ஊரு?"

"கோயமுத்தூர்ல செஞ்சது" என்றார் பூமிநாதன் பரிதாபமாக.

"அம்மாடி, வெளியூரு!" என்று முத்துமாரி வாயில் கையை வைத்தாள். அப்போதுதான் அவளுக்குப் பக்கத்தில் நாகவல்லி பையோடு வந்து நின்றாள். கம்ப்ரஸரைக் கழற்றுவதைப் பார்க்க வந்தவள், கழன்றுபோய் உட்கார்ந்திருக்கிற புருஷனைப் பார்த்தாள்.

"எதுக்கு இந்த வீட்டுக்கு வந்த? என்ன வேணும் உனக்கு? கோழி வேணுமா? சாராயம் வேணுமா? சேலை வேணுமா? வாயத் தொறந்து கேளு. குடுத்தாப் போயிருவியா?"

என்ன வேணும் என்று பூமிநாதனை யாரும் கேட்டதில்லை. டிப்போவில் எத்தனை கிலோ என்று கேட்பார்கள். மகன் போனில் பணம் வந்துவிட்டதா என்று கேட்பான். விபூதி கண்ணில் விழுந்து கரித்தது. துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால் நேர் எதிரே நாகவல்லி நிற்கிறாள்.

"நாகவல்லி வேணும்" என்றார்.

கூட்டம் அலறியது. "ஆத்தி, மதினியக் கேக்குதே!" என்று முத்துமாரி அவளை இடுப்போடு சேர்த்துப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். கோடாங்கிக்கும் இது புதுசு. கோழியில் முடிகிற வழக்கு இப்படித் திரும்பும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"அவளை எதுக்குடா கேக்குற?" என்றார், குரலைக் கொஞ்சம் இறக்கி.

"பக்கத்துல உக்காந்து காப்பி குடிக்க."

உடுக்கை நின்றது.

"எனக்கு வேற எதுவும் பேசத் தெரியாது சாமி" என்றார் பூமிநாதன். "முப்பது வருசம் காத்தத்தான் பார்த்தேன். அதப் பத்தித்தான் தெரியும். அவகிட்ட என்னமாச்சும் பேசணும்னு வாயத் தொறந்தா அதுதான் வருது. அவளுக்கு என்னமாச்சும் குடுக்கணும்னு தோணுச்சு. எனக்குத் தெரிஞ்சதுல நல்லது அதுதான், அதக் குடுத்தேன். மாவு பறந்துருச்சு."

நாகவல்லி முத்துமாரியின் கையை விலக்கிவிட்டு முன்னால் வந்தாள்.

"இப்பக் கேட்டது காத்தா, நீங்களா?"

"நான்தான்" என்றார் பூமிநாதன்.

அவளுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது, தெரு முன்னால் எதைச் செய்வது என்றும் தெரியவில்லை. "மொதல்ல அதத் தொறந்து விடுங்க. ஊரு பயப்படுது" என்றாள்.

பூமிநாதன் எழுந்து போய் டேங்குக்கு அடியில் இருந்த வால்வைத் திறந்தார். இத்தனை நாள் ஒரு பொட்டு வீணாகக் கூடாது என்று காத்த காத்து, பெரும் சீற்றத்தோடு வெளியே வந்தது. துருப்பிடித்த தண்ணீர் ரத்தச் சிவப்பாகப் பீறிட்டுக் கோடாங்கியின் வேட்டியை நனைத்தது. வேப்பிலை பறந்தது, விபூதி பறந்தது. கடைசியில் ஒரு விசும்பலோடு எல்லாம் அடங்கியது. பூமிநாதன் வால்வை மூடினார்.

"எறங்கிருச்சு" என்றார் கோடாங்கி. அதை யாராலும் மறுக்க முடியாது.

தெரு நிம்மதியாகக் கலைந்தது. கோடாங்கி வேட்டியைப் பிழிந்துகொண்டு, தட்சணையை வாங்கி மடியில் செருகிக்கொண்டு வெளியே போனார். போனவர் திரும்பி வந்தார். கொஞ்சம் கூச்சமாக நின்றார்.

"அண்ணே, வண்டி பின் சக்கரம் உக்காந்து போச்சு. அமராவதிபுதூர் வரைக்கும் உருட்ட முடியாது. கொஞ்சம் காத்து அடிச்சு விட்டீகன்னா..."

"இப்பத்தான சாமி எறக்குனீக" என்றார் பூமிநாதன். சொல்லிவிட்டு நாகவல்லியைப் பார்த்தார். சுவிட்சு பக்கம் கை போகவில்லை. அவள் சொன்னது அவருக்கு மறக்கவில்லை. ஒண்ணு அது, இல்ல நான்.

நாகவல்லி பையைக் கீழே வைத்தாள். நேராகப் போய் அவளே சுவிட்சைப் போட்டாள்.

டட்டட்டட்ட.

தெருக்கோடி வரை போயிருந்தவர்கள் அங்கிருந்து ஓட ஆரம்பித்தார்கள். பொன்னழகு எல்லோருக்கும் முன்னால் ஓடினார்.

"நெறைய எம்புட்டு நேரமாகும்?" என்று கேட்டாள் நாகவல்லி.

"ஒரு காப்பி குடிக்கிற நேரம் ஆகும்."

"அப்பப் போயிப் போட்டுட்டு வாங்க. எனக்குச் சீனி கம்மியா."

பூமிநாதன் அடுப்படிக்குப் போனார். பால் அடுப்பில் ஏறியது. காப்பித்தூள் டப்பாவுக்குக் கையை நீட்டியபோது மஞ்சள் கைப்பிடியில் தொங்கிய வெங்காயப் பையிலிருந்து ஒரு சருகு தானாக எழும்பி, அந்தரத்தில் ஆடி, அவர் மூக்கில் ஒட்டியது. இன்னொன்றும் எழும்பியது. பையின் கனத்தில் கைப்பிடி ஒரு நூல் கீழே இறங்கியிருந்தது. பையைத் தூக்கினார். சீறல் நின்றது. மாட்டினார். சீறியது.

இத்தனை நாள் சோப்புத் தண்ணீரோடு அலைந்தது எதற்காகவோ அது கிடைத்துவிட்டது. அப்படியே ஷெட்டுக்கு ஓடி, "நாகு, கண்டுபிடிச்சிட்டேன்!" என்று கத்தவேண்டும் போல இருந்தது. வாய்வரை வந்துவிட்டது. பையைக் கழற்றிப் பக்கத்து ஆணியில் மாட்டினார். காப்பியை ஆற்றினார். இரண்டு டம்ளரோடு போய் அவளுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

நாகவல்லி ஒரு வாய் குடித்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். "என்ன, என்னமோ சொல்ல வாரீக?"

பூமிநாதன் எச்சிலை விழுங்கினார். கண்டுபிடித்த கசிவும் அதோடு சேர்ந்து உள்ளே போனது.

"தம்பி வீட்டுப் பசு கன்னு போட்டுருச்சா?" என்று கேட்டார்.

நாகவல்லி டம்ளரைக் கீழே வைத்தாள். முகம் ஒரு மாதிரி ஆனது. பிறகு சொல்ல ஆரம்பித்தாள். கிடேரிக் கன்னு. நெற்றியில் வெள்ளைச் சுழி. தலை வெளியே வந்து கால் மாட்டிக்கொண்டது, தம்பி பெண்டாட்டி அழுதே விட்டாள், டாக்டருக்குச் சொல்லிவிட்டு, அவர் வருவதற்குள் நாகவல்லியே கையை விட்டுத் திருப்பி எடுத்தாள். பூமிநாதன் "அப்பறம்?" என்றார். அவள் சொன்னாள். மறுபடி "அப்பறம்?" என்றார்.

எட்டுக் கிலோ நிறைந்து மிஷின் புஸ்ஸ் என்று நின்றது. இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வாசலில் கோடாங்கி மொபெட்டைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, காத்து..." என்று இரண்டு மூன்று தடவை கூப்பிட்டுப் பார்த்தார்.